அஞ்சுகம் வீட்டுக் கள்ளிப்பழ சர்பத்

"சர்பத்தும் கெடையாது, கிர்பத்தும் கெடையாது. கெளம்புங்க!"

கேட்டுக்கு உள்ளே நின்று அஞ்சுகம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. வெளியே நின்ற இளம் தம்பதி மட்டும் அசையவில்லை.

"ஒரே ஒரு டம்ளர்க்கா. கும்பகோணத்துலேருந்து வர்றோம்."

"டிகிரி காப்பி குடிச்ச நாக்கு கள்ளிப்பழத்துக்கு ஏன் அலையுது? இன்னிக்கு சர்பத்து கேப்பீங்க, நாளைக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி வுடச் சொல்லுவீங்களா?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன்காரன் செல்போனை உயர்த்திப் பிடித்தான்.

எல்லாம் மகள் எழில்மதி செய்த வேலை. புதுச்சேரியில் வேலை பார்ப்பவள் லீவுக்கு மண்டபத்தூர் வந்தாள். வீட்டுக்குப் பின்னால் மணல்மேட்டில் சப்பாத்திக்கள்ளி புதராக மண்டிக் கிடக்கும். அங்கே அம்மா பழம் பறித்ததையும், நெருப்பில் வாட்டி முள்ளைப் போக்கியதையும், துணியில் பிழிந்து பனங்கற்கண்டும் எலுமிச்சையும் சேர்த்துச் சிவப்புச் சர்பத் ஆக்கியதையும் கூடவே நின்று வீடியோ எடுத்தாள்.

"கையெல்லாம் முள்ளு ஏறுது, வந்து ஒரு கூடையைப் புடிக்கத் துப்பில்ல, படம் புடிக்கிறியாடி?" என்று அஞ்சுகம் திட்டத் திட்ட எடுத்தாள். இணையத்தில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அஞ்சுகத்திடம் இருப்பது பட்டன் போன். வீடியோவை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதன் பிறகு வாசலில் கூட்டம் வருவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை திருநள்ளாற்றில் தங்கை தாமரைச்செல்விக்குப் புதுமனை புகுவிழா. காலமெல்லாம் வாடகை வீட்டில் கிடந்தவள், இப்போதுதான் சொந்தமாகக் கட்டியிருக்கிறாள். அக்காவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "வர்றவங்களுக்கெல்லாம் உன் சர்பத்துதான்க்கா." அதற்குப் பழம் சேர்க்க வேண்டிய நேரத்தில்தான் இந்தத் தொல்லை.

"ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்துட்டா போயிடுவாங்கல்ல?" என்றார் கணவர் சிதம்பரநாதன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"குடுக்குறேன். குடிச்சவன் இந்தத் தெருப் பக்கமே திரும்பப்படாது. அப்புடிக் குடுக்குறேன்."

கற்கண்டுக்குப் பதிலாகக் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். மறுநாள் வந்த கல்லூரிப் பையன்களுக்கு ஒரு வாய் குடித்ததும் கண்ணில் நீர் முட்டியது.

"உப்பா இருக்குதேக்கா?"

"கடலோரத்துல பறிச்சது உப்பா இல்லாம அல்வாவா இருக்கும்? ஓட்டல்காரன் ஊத்துற சாம்பாரை மட்டும் வாயைத் தொறக்காமக் குடிக்கிறீங்கள்ல? இதையும் மூச்சுப் புடிச்சுக் குடிச்சுட்டுப் போங்கடா!"

ஒருவன் முதுகில் ஒருவன் அடித்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள். மறுநாள் கூட்டாளிகளோடு வந்தார்கள்.

அஞ்சுகத்துக்குத் தலை சுற்றியது. உப்புத் தண்ணீருக்கா இத்தனை பேர்? ஓர் அட்டையில் 'பழம் தீர்ந்துவிட்டது' என்று எழுதிக் கேட்டில் தொங்கவிட்டாள். வந்தவர்கள் படித்தார்கள். நேராக மணல்மேட்டுக்குப் போய்த் தாங்களே பறிக்க ஆரம்பித்தார்கள். அரைமணி நேரத்தில் உள்ளங்கையெல்லாம் மயிரிழை போன்ற பூமுள் ஏறி, ஐயோ அம்மா என்று அவள் வாசலிலேயே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

வேறு வழியில்லாமல் முள்வாங்கியை எடுத்துவந்தாள். "கள்ளிச்செடியை என்னான்னு நெனச்ச? கன்னுக்குட்டின்னு தடவிக் குடுத்தியா? கையை நீட்டு. ஆட்டாத! ஆட்டுனா முள்ளை எடுக்க மாட்டேன், கையவே எடுத்துடுவேன்!"

வலியிலும் அவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

எல்லாரையும் அனுப்பிவிட்டு மணல்மேட்டுக்கு ஓடினாள். கள்ளிப்புதர் மொட்டையாக நின்றது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு பழம் இல்லை. தங்கைக்குப் போன் போட்டாள்.

"விடுக்கா. பாக்கெட் ஜூஸ் வாங்கிக்கலாம்" என்றாள் தாமரைச்செல்வி.

பாக்கெட் ஜூஸ்! யார் மேல் இந்தக் கோபத்தைக் காட்டுவது? மகள் போனை எடுக்கவில்லை. புருஷன் பேப்பரைக் கீழே இறக்கவில்லை. அஞ்சுகம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"இத்தினி நாளா கத்திப் பாத்தியே, என்னா கண்ட?" என்று சிதம்பரநாதன் முதன்முறையாக எழுந்து வந்தார். "ஒரு தடவ அன்பாப் பேசி, நல்ல சர்பத்தாவே குடுத்துப் பாரேன். ஆசை தீந்தா வர மாட்டாங்க."

விழாவுக்குப் போதாமல் கூடையில் எஞ்சியிருந்த நாலைந்து பழத்தை எடுத்தாள். எதையும் குறைக்காமல், வழக்கமான பக்குவத்தில் சர்பத் போட்டாள். தொண்டைக்குழி வரை வந்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிவிட்டு, சாயங்காலம் கேட்டைத் தட்டியவரை வரவேற்றாள்.

"வாங்க தம்பி, உள்ள வந்து உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

வந்தவர் காதர் பாட்சா என்ற லாரி டிரைவர். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுகிறவர். சட்டையெல்லாம் கரி. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். மறுபடி பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா தம்பி?" என்று அஞ்சுகம் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தாள்.

காதர் பாட்சாவின் முகம் தொங்கிப்போயிற்று. டம்ளரைக் கீழே வைத்தார்.

"உடம்புக்கு ஏதும் முடியலியாக்கா? உங்க வாயால நாலு திட்டு வாங்கலாம்னுதான லாரியை ஓரங்கட்டிட்டு அந்தக் கோடியிலேருந்து ஓடியாந்தேன்; சர்பத்தை யாருக்கா கேட்டா?"