பன்னிரண்டாம் மாடியில் திரைமடிப்பு பிரிந்த விவரம்

அழகு அப்பா வழியிலும் அறிவு மட்டும் என் வழியிலும் வந்து சேர்ந்த அருமை மருமகளுக்கு, நடுக்கடலில், கப்பலின் பன்னிரண்டாவது மாடியில், எட்டுப் பேர் சாப்பிடுகிற மேஜையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அத்தை சுகம், கப்பலும் இதுவரை சுகம். அங்கே நீ, உன் அம்மா, நான் உங்கள் வாசலில் விட்டுவந்த சைக்கிள், மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சைக்கிளை மழையில் விடாதே.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஏழு நாள் கப்பல் டிக்கெட் உன் ஆபீஸ் குலுக்கலில் விழுந்து, லீவு கிடைக்காமல் நீ அதை எங்களுக்குக் கொடுத்தபோது, "நான் போனால் சாதாரண அறையில் இருக்க மாட்டேன், உச்சிக்குத்தான் போவேன்" என்றேனா இல்லையா? உன் அம்மா, அதாவது என் கூடப்பிறந்த அக்கா, "இவன் ஏறினா கப்பல் திரும்பி வந்தா போதும்" என்று சிரித்தாளே, அவளிடம் இந்தக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டு. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் நான். எவன் எந்த மாடிக்குப் போவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். கிளம்புகிற அன்று காலையில் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

நீ போட்ட ஒரே நிபந்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "மாமா, அத்தை ஒரு தடவையாவது கடலைப் பார்க்கணும், போட்டோ வேணும்" என்றாய். சுலபமாகச் சொல்லிவிட்டாய். சின்ன வயதில் படகு சாய்ந்து, தண்ணீருக்குள் போனவளை அவள் அப்பா பின்னலைப் பிடித்துத் தூக்கினாராம். அன்றிலிருந்து நிரம்பிய வாளியைக்கூடக் குனிந்து பார்க்க மாட்டாள். நம் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிஷ நடை. நாற்பது வருஷமாகச் சாயங்காலம் நான் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். வந்ததும், "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். நானும் உள்ளதை உள்ளபடி, திமிங்கிலம் வந்தது, மீன்கள் வரிசையாக நின்று எனக்கு வணக்கம் வைத்தன என்று சொல்வேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள். ஒரு நாள்கூட "நானும் வர்றேன்" என்று சொன்னதில்லை. நானும் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். இந்தக் கப்பலுக்கே அவள் ஒத்துக்கொண்டது அறையில் ஜன்னல் கிடையாது என்று டிக்கெட்டில் போட்டிருந்ததால்தான். "அப்போ அது கப்பல் இல்ல, லாட்ஜு. வர்றேன்" என்றாள்.

சொன்னபடியே மூன்றாம் தளத்தில் தீப்பெட்டி மாதிரி ஓர் அறை. அத்தைக்குப் பரம திருப்தி. மறுநாள் காலையில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஓர் அதிகாரி, அவர் பின்னால் அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் கண் சிவந்து கலங்கியிருந்தது. என்னைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரி, "ஐயா, எஞ்சின்ல ஏதோ கோளாறுன்னு இவங்க புகார் பண்ணாங்க. மெக்கானிக்கை எழுப்பி முழுசாப் பார்த்தோம், எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. சத்தம் உங்க அறையிலேருந்து வருது" என்றார். உன் அத்தை கொஞ்சமும் அசராமல், "அது அவரு தூங்குற சத்தம்" என்றாள். அதிகாரி அப்படியே அசந்துபோய், "பன்னிரண்டாவது மாடியில கடைசி முனையில ஒரு சூட் ரூம் காலியா இருக்கு. பக்கத்துல வேற அறையே கிடையாது. தயவு பண்ணி அங்க போயிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் மூச்சுக்கு ஒரு கப்பல் எஞ்சினின் தரம் இருக்கிறது என்று ஒரு கம்பெனியே ஒத்துக்கொண்ட பிறகு உன் அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுதவும்.

லிஃப்டில் போனோம். ஓட்டுகிற ஆள் இல்லை, தானாகவே போகிறது, ஆனாலும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மாடிக்கும் நான் பெயர் சொல்லிக்கொண்டே போனேன், இரண்டு பேர் தவறான மாடியில் இறங்கினார்கள். மேலே வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட பட்லர் ஒருவர் நின்றார், நாற்பது வயசிருக்கும், எங்களுக்கென்றே தனியாக. அத்தை அவரிடம் முதலில் கேட்டது, "தம்பி, ஜன்னல் இருக்கா?" அவர் பெருமையாக, "மூணு பக்கமும் கண்ணாடிதாம்மா!" என்றார். இவள் வந்த வழியே திரும்பிவிட்டாள். பிடித்து நிறுத்தி, திரையைத் திறக்கவே மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி (என் தலையில்தான்) உள்ளே கூட்டிப்போனேன்.

கிடைத்ததில் ஒரு துளியும் வீணாக்கக்கூடாது என்பது என் கொள்கை. இரண்டு குளியலறை இருந்தது, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று முறை வைத்துக்கொண்டேன். தலையணைக்கு ஹோட்டல் மாதிரி ஒரு பட்டியல் கொடுத்தார்கள், எட்டு ரகம். எதைச் சொன்னால் எது கோபித்துக்கொள்ளுமோ என்று எட்டையும் வரச்சொன்னேன். எட்டுப் பேர் மேஜையில் ஒரு டீயை எட்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து குடித்தேன். கையுறைக்காரர் ஒவ்வொரு நாற்காலியாக என் பின்னாலேயே கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், நல்ல மனுஷன். கட்டில் தலைமாட்டில் பன்னிரண்டு பொத்தான். "ஒண்ணொண்ணா சொல்லித் தரட்டுமா ஐயா?" என்றார். பொத்தான் அமுக்கியே பென்ஷன் வாங்கினவனிடம்! "யார்கிட்ட?" என்று கேட்டுவிட்டு அமுக்கினேன். முதல் பொத்தானுக்கு விளக்கு எரிந்தது, இரண்டாவதற்குப் பாட்டு, மூன்றாவதற்குக் கால்மாட்டிலிருந்து டிவி எழுந்து நின்றது, நான்காவதற்கு மூன்று பக்கத் திரையும் உஸ்ஸென்று விலகி, அறை பூராவும் கடல்.

அத்தை போட்ட சத்தத்தில் டிவி தானாகவே கீழே இறங்கிவிட்டது. திரையை மூடிவிட்டுத் தேடுகிறேன், ஆளைக் காணோம். கடைசியில் பார்த்தால் துணி மாட்டுகிற அலமாரிக்குள் இருக்கிறாள். அலமாரி என்றால் நம் வீட்டு அலமாரி இல்லை, நம் சமையலறை அளவு இருக்கும், உள்ளே போனால் தானாக மஞ்சள் விளக்கு எரியும். ஜன்னல் கிடையாது. "எனக்கு இதுவே போதும்" என்று சொல்லிவிட்டாள். எட்டுத் தலையணையும், அவளுடைய தையல் டப்பாவும் உள்ளே போயின. டீ கொண்டுவந்த கையுறைக்காரர் அலமாரிக் கதவைத் தட்டிவிட்டு நிற்க, "உள்ள வாங்க தம்பி, அந்தச் செருப்புப் பலகையில உட்காருங்க, எத்தனை குழந்தைங்க?" என்று அவள் குடும்பக்கதை கேட்க, அவர் அரைமணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மூன்றாம் நாள் இன்னும் மோசம். குளியல் தொட்டியில் சுற்றிலும் ஓட்டை, அதிலிருந்து காற்று பீறிட்டு அடிக்கும். அங்கே இருந்த சோப்புத் தண்ணீர் பாட்டில்கள் சின்னது சின்னதாக இருந்ததால் ஆறையும் ஊற்றினேன். நான் எதிர்பார்த்ததுதான், நுரை எழும்பியது. எழும்பி, தொட்டியைத் தாண்டி, கதவைத் தாண்டி, கம்பளத்தைத் தாண்டி, நேராக அலமாரிக் கதவின் அடியில் புகுந்தது. உள்ளேயிருந்து, "ஏங்க, கடல் உள்ள வந்துருச்சா?" என்று ஒரு குரல். மருமகளே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் அப்படி நடுங்கியது. இடுப்பளவு நுரையில் நின்றபடி யோசித்தேன். மிச்சம் நான்கு நாள். அப்புறம் இந்த மாதிரி கண்ணாடியும் கடலும் எங்களுக்கு எங்கே வரப்போகிறது? நான் திரும்பிப் போய் அதே கடற்கரைத் திண்டில் தனியாக உட்கார்ந்து, அவளுக்குத் திமிங்கிலக் கதை சொல்ல வேண்டியதுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் நாள் காலையில் தற்செயலாகப் பார்க்கிறேன், நடுத்திரையின் கீழ்மடிப்பு தானாகவே பிரிந்து, மூன்று முழத்துக்குத் தொங்குகிறது! இவ்வளவு பெரிய கப்பல், இதுவா லட்சணம்? அலமாரிக் கதவருகே போய், "பாத்தியா, திரையோட மடிப்பு பிரிஞ்சு தொங்குது" என்றேன். "எவ்வளவு தூரத்துக்கு?" என்றாள். "மூணு முழம்." "கைத்தையலா, மிஷின் தையலா?" "அது எனக்கென்ன தெரியும்?" கதவு ஒரு விரற்கடை திறந்தது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தவள். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் துணியின் ஓரத்தைத்தான் பார்ப்பாள். கையுறைக்காரர், "விடுங்கம்மா, கரைக்குப் போனதும் ஆள் வந்து தைப்பாங்க" என்றார். "கரைக்குப் போற வரைக்கும் தொங்கிக்கிட்டா இருக்கும்?" என்று அவரையே அதட்டினாள்.

திரையைக் கழற்றி உள்ளே கொண்டுவரச் சொன்னாள். மேலே திரை ஓடுகிற குழாய்க்குள் மோட்டார் இருக்கிறது, கழற்ற முடியாது என்றார் கையுறைக்காரர். டப்பாவைத் திறந்து வெள்ளை, பால்வெள்ளை, சந்தனவெள்ளை என்று மூன்று நூலை மஞ்சள் விளக்கில் வைத்துப் பார்த்தாள், மூன்றும் ஒரே மாதிரி தெரிந்தது. "பகல் வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும்" என்று தனக்குத்தானே முனகினாள். பிறகு குளிக்கிற துண்டைத் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் கண்ணை மறைத்து, தரையையே பார்த்தபடி வந்து, கண்ணாடியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மூச்சு விடவில்லை. கையுறைக்காரர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார், கையுறையைக் கழற்றிவிட்டு.

தைக்கத் தைக்கத் துணியை மடிக்கு இழுத்தாள். இழுக்க இழுக்கக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தது. அவள் மடியில் வெயில் விழுந்தது. நிமிரவே இல்லை. மூன்று முழமும் முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடிக்க முகத்தைத் தூக்கினாள் பார், துண்டு நழுவிவிட்டது.

நூல் பல்லிலேயே இருந்தது. நான் பின்னலைப் பிடிக்கத் தயாராக நின்றேன்.

"ஏங்க" என்றாள். "இந்த நீலத்துக்கு மேட்சிங் நூல் எந்தக் கடையிலயும் கிடைக்காது."

"கிடைக்காது" என்றேன்.

"திமிங்கிலம் எங்க?"

"இன்னிக்கு லீவு."

"நாப்பது வருஷமா நீங்க சொன்னதுல ஒண்ணுகூட இங்க இல்ல" என்றாள். "ஆனா பரவாயில்ல. சொன்னதைவிட நல்லாத்தான் இருக்கு. அந்தக் கதவைத் திறங்க."

பால்கனியில் என் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டை கிழிந்தது, பிறகு அவளே தைத்தாள். போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். பாதியில் தெரிவது என் கட்டைவிரல், மீதிப் பாதியில் சிரிப்பது உன் அத்தை. அன்றிலிருந்து பால்கனி நாற்காலியை அவள் எனக்குத் தருவதே இல்லை. கையுறைக்காரரின் கையுறை ஓரத்தைத் தைத்துக் கொடுத்தாள், செய்தி பரவி இப்போது கேப்டனின் கோட்டுப் பொத்தான்கூட இங்கேதான் வந்திருக்கிறது. நேற்று, "அடுத்த தடவை இன்னும் மேல் மாடி கேளுங்க" என்கிறாள். இதற்கு மேலே புகைபோக்கிதான் இருக்கிறது.

ஆகவே நீ உடனே கம்ப்யூட்டரில் கம்பெனிக்கு ஒரு காரமான புகார் அடி. விருந்தாளிகள் தூங்குகிற அறையில் மடிப்பு தானாகப் பிரிகிற அளவுக்கு மட்டமான தையல், அதனால் எங்களுக்கு ஏற்பட்ட மன உளைச்சல், இதற்கெல்லாம் ஈடாக அடுத்த வருஷமும் இதே அறை என்று கேள். கீழே என் பெயருக்குப் பக்கத்தில் "லிஃப்ட் நிபுணர்" என்று போடு.

நாளைக்கு நிற்கிற துறைமுகத்தில் இதைத் தபாலில் போடுகிறேன். கடிதத்துக்கு முன்னால் நாங்களே வந்துவிட்டால், முகத்தில் ஆச்சரியத்தைக் காட்டி, ஒன்றும் தெரியாததுபோல் முதலிலிருந்து கேள். உன் அம்மாவுக்கு என் வணக்கமும், நான் ஏறியும் கப்பல் மிதக்கிறது என்கிற தகவலும். உனக்கு நல்ல தூக்கமும், நல்ல மாப்பிள்ளையும், கேட்டபோது லீவு தருகிற மேலதிகாரியும் அமையட்டும்.

இப்படிக்கு,
என்றும் மேல்நோக்கிச் செல்லும்
உன் மாமா

பின்குறிப்பு: புகாரை அடிக்காதே. அடித்திருந்தால் கிழித்துப் போடு. உறை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சிரித்தவள், "மடிப்பு தானாகவே பிரிந்து" என்ற இடம் வந்ததும், கேப்டன் பொத்தானிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாவம், கம்பெனிக்காரங்க மேல பழி போடாதீங்க" என்றாள். "இத்துப்போன நூல் பிசிறு பிசிறா இருக்கும். இது ஒவ்வொரு நாலாவது தையலும் நறுக்குன்னு கடிச்சிருந்துச்சு. உங்க நகவெட்டியில வெள்ளை நூல் மாட்டியிருந்ததை நான்தான் எடுத்துப் போட்டேன்." சரி, நீயாவது தெரிந்துகொள். இந்தக் கடிதத்தில் அந்த ஒன்று மட்டும் நான் சேர்த்தது. அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், முழங்காலில் உட்கார்ந்து, மூன்று முழத்தையும் நான்தான் வெட்டினேன். "தெரிஞ்சும் ஏன்டி தைச்சே?" என்று கேட்டேன். "நானா போய் நின்னு பாத்தா, இத்தனை வருஷம் பயந்ததுக்கு என்ன மரியாதை? நமக்கும் ஒரு சாக்கு வேணாமா? நீங்க எப்ப கொண்டுவருவீங்கன்னுதான் உள்ள உட்கார்ந்திருந்தேன்" என்றாள். இது மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லாதது.