அளவுகோலாரின் நாலு கட்டை

வயது எழுபத்து மூன்று, மாதம் நான்கு, நாள் பதினொன்று. குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வரைபடம் வரைந்து, ஒரு குழாய்கூடக் கோணலாகப் போகாமல் காத்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவர். திருநாமம் அளவுகோலார். ஞானஸ்நானத்தில் சூட்டிய பெயர் ஒன்று ஆலயப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். சட்டைப்பையில் பிறர் பேனா வைக்கும் இடத்தில் அவர் மடக்கு அளவுகோல் வைத்திருப்பார். தம் கையால் அளக்காத எதையும் அவர் நம்பியதில்லை. கர்த்தர் ஒருவர்தான் அதற்கு விலக்கு.

அன்னாரின் துணைவியார் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊருக்கும் டீச்சர், கணவருக்கும் டீச்சர்.

இருவரும் நாற்பத்து நான்கு ஆண்டுகளாகப் பாட்டு ஊழியம் செய்கிறார்கள். மருத்துவமனைப் படுக்கைகளின் ஓரம், துக்க வீடு, முதியோர் இல்லம் என்று அழைத்த இடத்திற்கெல்லாம் போவார்கள். அந்தக் காலத்தில் ஸ்கூட்டரில் போனார்கள். முன்னே நிற்பது மகள், நடுவே அளவுகோலார், பின்னே டீச்சர், டீச்சர் மடியில் ஆர்மோனியம். மனைவியின் மடி நோகிறதே என்று இரக்கப்பட்டு, ஆர்மோனியத்திற்கென்று பின்னிருக்கையில் ஒரு பலகை அமைத்தார். கால் அங்குலம் பிசகாத வேலை. ஆர்மோனியம் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. டீச்சர் உட்கார இடமில்லை. அன்று துக்க வீட்டிற்கு ஆர்மோனியம் ஸ்கூட்டரில் போயிற்று, டீச்சர் பஸ்ஸில் போனார்.

ஓய்வு பெற்றபின் வீட்டு வேலைகள் பெருகின. பாட்டு அறையில் எதிரொலி இருக்கிறது என்று முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினார். நாற்பது அட்டைகள். அவற்றிற்குரிய முட்டைகளை இருவருமாக ஏழு மாதம் தின்று தீர்த்தார்கள். எதிரொலி குறையவில்லை, டீச்சருக்குக் கொழுப்புதான் கூடியது. அந்த அறையின் நடுவில், காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஆர்மோனியம் ஒன்று பட்டத்து யானைபோல் நிற்கிறது. அதை மட்டும் தொடக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்த ஆர்மோனியத்தோடு பிறந்தது ஒரு பாட்டு. மணமாகி இரண்டாம் ஆண்டு, ஒற்றை ஜன்னல் வாடகை அறையில், அடுப்பில் பால் பொங்குவதற்குள், சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்த காகிதத்தில் டீச்சர் எழுதி மெட்டமைத்தது. கடைசி அடியில் 'விடியும்' என்றொரு சொல் வரும். அந்தச் சொல் படியேறி, மாடியேறி, மொட்டை மாடிக்கும் மேலே போய் நிற்கவேண்டும். அளவுகோலார் அதை நாலு கட்டையில் பாடுவார். கட்டை என்பது சுருதியின் உயரம். கட்டை ஏற ஏறத் தொண்டைக்குக் கஷ்டம். ஆண்குரலில் நாலு கட்டை என்றால் சபையே நிமிர்ந்து உட்காரும். ஆலயத்தின் ஆண்டுவிழா ஆராதனையில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவரே தனியாகப் பாடினார், டீச்சர் வாசித்தார். பாடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். தேவபக்தி ஒரு காரணம். கண்ணைத் திறந்தால் சபையில் யார் கொட்டாவி விடுகிறார் என்று எண்ணத் தோன்றும் என்பது மற்றொன்று.

இந்த ஆண்டு விழா செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி என்று நிச்சயமாகியிருந்தது. மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவின் புதுத் தலைவர் வீடு தேடி வந்தார். தொழிலால் பல் வைத்தியர். சிறு வயதில் டீச்சரிடம் பாட்டுப் படித்து, கூடவே நாலைந்து குட்டும் வாங்கியவர். தேநீரைக் குடித்துக்கொண்டே மெல்லச் சொன்னார். இம்முறை குழு முழுவதும் சேர்ந்து பாடும்படி, பழைய நாலு கட்டையிலேயே குரல்கள் பிரித்து எழுதியாயிற்றாம். அய்யாவுக்குச் சிரமமாக இருந்தால், இந்த வருடம் ஓய்வாக உட்கார்ந்து கேட்கலாமாம்.

"நாலு கட்டை எனக்குச் சிரமமா?" என்றார் அளவுகோலார். "நான் வேற எந்தக் கட்டையிலயாவது பாடிக் கேட்டிருக்கீங்களா, தம்பி?"

பல் வைத்தியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பல் வைத்தியர் போனபின் அளவுகோலார் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஊரையெல்லாம் வாயைத் திற என்கிறவன், தம்மை மட்டும் வாயை மூடச் சொல்கிறானே என்று பொருமினார். பொருமலுக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. வேலை போயிற்று; ஸ்கூட்டர் போயிற்று; மகள் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டாள். வருடத்தில் ஒரு நாள், நாலு நிமிடம், அந்தப் பாட்டு ஒன்றுதான் அவருக்கென்று மிச்சமிருந்தது. அதை விடுவதில்லை என்று உறுதி பூண்டார். தம் குரல் ஓர் அங்குலமும் குறையவில்லை என்பதைச் சான்றோடு நிரூபிப்பது என்று தீர்மானித்தார்.

சான்று பரண்மேல் இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், இந்த வீட்டிற்குக் குடிவந்த வாரம் பாட்டு அறையில் பதிவுசெய்த கேசட். தூசி தட்டி டேப் ரெக்கார்டரில் போட்டார். முதலில் கரகரவென்று ஒரு மழைச் சத்தம். பிறகு டீச்சரின் வாசிப்பு. பிறகு, ஆகா, அந்தக் குரல். முப்பத்தொன்பது வயது அளவுகோலார் எந்தக் கவலையுமின்றி மொட்டை மாடிக்கு ஏறி நின்றார். பாட்டு முடிந்ததும் நாலு வயது மகளின் குரல்: "அப்பா, முடிஞ்சுதா? பசிக்குது." டீச்சர் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டார்.

அடுத்து, டீச்சரை வாசிக்கச் சொல்லி, கேசட்டோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். அங்கேதான் தகராறு. கேசட் அளவுகோலார் ஒரு சுருதியில் பாடினார், நேர் அளவுகோலார் வேறு சுருதியில் பாடினார். கேசட் எங்கோ உயரத்தில் இருந்தது.

"டேப் வேகமா ஓடுது, டீச்சர். அதான் சத்தம் ஏறிக் கேக்குது."

"இருக்கும்" என்றார் டீச்சர்.

இரண்டு நாள் மேசைமேல் டேப் ரெக்கார்டரின் உள்ளுறுப்புகளெல்லாம் பரந்து கிடந்தன. மோட்டாரின் முதுகில் ஒரு சிறு திருகாணி. அதைத் திருப்பினால் வேகம் குறையும். கேசட்டின் சுருதி டீச்சரின் வாசிப்போடு வந்து ஒட்டும்வரை திருப்பினார். வெற்றி. மீண்டும் ஓடவிட்டார். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து முடிந்தது. அதன்பின், தூக்கக் கலக்கத்தில் லாரி ஓட்டுகிற ஓர் ஆசாமியின் குரல், "அப்பா, முடிஞ்சுதா? பசிக்குது" என்றது.

டீச்சர் சிரிக்கவில்லை.

"அது என் பொண்ணு குரல் இல்ல. எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க."

"சுருதி சரியா இருக்கே."

"ஊரெல்லாம் உங்களுக்கு அளவுகோல்னு பேரு வச்சிருக்கு. அரைமணி ஓட வேண்டிய கேசட்டு எவ்வளவு நேரம் ஓடுதுன்னு அளந்தீங்களா?"

அவர் அளக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அளந்தார். முப்பது நிமிடத்துப் பக்கம் முப்பத்தெட்டு நிமிடம் ஓடியது. திருகாணியைப் பழையபடி திருப்பினார். மிகச் சரியாக முப்பது. மகளுக்கு நாலு வயது திரும்பி வந்தது. டேப் ரெக்கார்டர் நிரபராதி.

அப்படியானால் குற்றவாளி யார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி உண்டு. அளவுகோலாருக்கு அப்பழமொழி தெரியும்; பிறருக்குப் பொருந்தும் இடங்களில் தாராளமாகப் பயன்படுத்துவார். அவர் பார்வை பெரிய ஆர்மோனியத்தின்மேல் போய் நின்றது. வயதாகி, உள்ளே பித்தளை நாக்குகள் தளர்ந்து, சுருதி இறங்கிவிட்டது பாவம். நாக்கை லேசாக அரம் கொண்டு சுரண்டினால் சுருதி ஏறும் என்று எங்கோ படித்திருந்தார். இந்தக் கருத்தைச் சாப்பாட்டு வேளையில் மெதுவாக வெளியிட்டார். டீச்சர் மறுப்புச் சொல்லவில்லை. தாம் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மாதர் கூட்டத்திற்குப் போவதாகவும், திரும்ப மூன்று மணி நேரம் ஆகும் என்றும் சொன்னார். டீச்சர் எந்தக் கூட்டத்திற்கும் நேரம் குறிப்பிட்டுப் போனதில்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது, டீச்சர் போனார். அளவுகோலார் அரம், திருப்புளி, பழைய துணி சகிதம் பாட்டு அறைக்குள் நுழைந்தார். ஆர்மோனியத்தின் மூடியைத் திறக்கவேண்டுமானால் அதன்மேல் கிடந்த பாட்டு நோட்டை எடுக்கவேண்டும். எடுத்தார். டீச்சரின் சொந்த நோட்டு; நடுவில் அடையாள நூல் ஒன்று செருகியிருந்ததால் அந்தப் பாட்டின் பக்கத்திலேயே விரிந்தது.

பாட்டின் தலைப்பில் பேனாவால் 'நாலு கட்டை' என்று எழுதி, பிற்பாடு பென்சிலால் அடித்திருந்தது. பக்கத்தில் 'மூணு' என்று எழுதி, அதன்கீழ்ப் பொடி எழுத்தில்: 'மஞ்சள் காமாலை வந்து எழுந்த வருஷம். நாலுக்கும் மூணுக்கும் நடுவுல அரைப் படிதான், இறக்கினேன். அவருக்குத் தெரியல.' பிறகு அந்த 'மூணு'வும் அடிபட்டு, இரண்டரை: 'ரிட்டயர் ஆயிட்டார். ஏற்கெனவே வாடிப்போயிருக்கார், இதையும் சொல்ல வேணாம்.' மகளின் கலியாண வருடத்தில் அது இரண்டாக இறங்கியிருந்தது. அழுது தொண்டை கட்டிவிட்டது என்று அன்று அவரே காரணம் சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது. கடைசியாக ஒன்றரை: 'போன வருஷம். இனிமே இறக்க எடமில்ல. கண்ணை மூடிக் கேட்டா எனக்கு இன்னும் அதே குரல்தான்.'

அளவுகோலார் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். ஆர்மோனியத்தை மிதித்து, நாலாம் கட்டையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினார். 'விடியும்' படியேறத் தொடங்கியது. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியது. அதற்குமேல் வந்த ஓசையை விவரிப்பது நாகரிகமன்று. நாற்பது முட்டை அட்டைகளும் அதை மறைக்க முடியாமல் திகைத்தன.

முதலில் வெட்கம் வந்தது. அதன்பின் வேறொன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் வானத்தில் பறந்ததாக நினைத்த ஆண்டுகளில் எல்லாம், டீச்சர் சத்தமில்லாமல் வானத்தையே இறக்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் சொல்லிக்காட்டியதில்லை. சண்டையில்கூட வாய்தவறி வந்ததில்லை. அரத்தையும் திருப்புளியையும் துணியில் சுற்றினார். நோட்டை நூல் செருகிய பக்கத்தில் மூடி, இருந்த இடத்தில் இருந்த கோணத்தில் வைத்தார். அளவுகோல் கொண்டு சரிபார்த்தார்.

அப்போது அவர் உள்ளத்தில் ஒரு மகத்தான திட்டம் உதித்தது. இத்தனை ஆண்டு தம்மை ஏமாற்றிய டீச்சரை, ஒரு முறையாவது தாம் ஏமாற்றவேண்டும். தமக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று டீச்சருக்குத் தெரியவே கூடாது. தாமே முன்வந்து பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். பழியைக் குரல்மேல் போடாமல் டீச்சரின் முழங்கால்மேல் போடவேண்டும். ஆர்மோனியம் மிதித்து மிதித்து அது உண்மையிலேயே வலிக்கிறது. குழு நாலு கட்டையில் கம்பீரமாகப் பாடட்டும். தாம் பின்வரிசையில் கீழ்க்குரலில் நிற்கலாம். டீச்சர் தம் பெருந்தன்மையைக் கண்டு வியக்கவேண்டும். புதன்கிழமை முழுவதும் வசனத்தை மனப்பாடம் செய்தார். அன்று தேநீர் கொடுக்கும்போது, வெளியே எங்கும் போகவில்லையா என்று டீச்சர் இரண்டு தடவை கேட்டார்.

வியாழக்கிழமை மாலை, பல்வலி என்று சொல்லிவிட்டுப் பல் வைத்தியரின் அறைக்குப் போனார். அங்கே உட்கார வேறு நாற்காலி இல்லாததால் நோயாளியின் நாற்காலியிலேயே சாய்ந்து, முகத்தில் விளக்கு அடிக்க, உரையை நிகழ்த்தினார். இளைஞர்களுக்கு இடம் விடவேண்டிய கடமை, டீச்சரின் முழங்கால், ஊழியத்தில் தாழ்மை எல்லாம் அதில் இருந்தன. குரல் இரண்டு இடத்தில் தழுதழுத்தது. அது மனப்பாடம் செய்ததில் சேர்ந்ததன்று.

பல் வைத்தியர் கையுறையைக் கழற்றினார். மேசை இழுப்பறையைத் திறந்து, அச்சடித்த ஆராதனை நிகழ்ச்சிநிரல் ஒன்றை எடுத்து நீட்டினார். அந்தப் பாட்டிற்கு நேராகக் குழுவின் பெயர் இருந்தது. கீழ்க்குரல் வரிசையில் முதலாவதாக அளவுகோலாரின் ஞானஸ்நானப் பெயர். அதன்கீழ் இன்னொரு வரி: கடைசிச் சரணம், குழுவின்றி, தம்பதியர் இருவர் மட்டும், ஒன்றரைக் கட்டை. தாளின் அடியில் அச்சிட்ட தேதி, செப்டம்பர் ஐந்து.

அவர் அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தார். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசிக் கலங்கியது என்று வைத்துக்கொள்வோம்.

"இதை யாரு எழுதிக் குடுத்தது?"

"டீச்சர்தான் அய்யா. நான் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன மறுநாளே வந்தாங்க. நாம சொன்னா அவரு நம்பமாட்டாரு, அவரே அளந்து பாத்துட்டு அவரே வந்து விட்டுக்குடுப்பாரு, அதுவரைக்கும் இதைக் கண்ணுல காட்டாதீங்கன்னாங்க." பல் வைத்தியர் விளக்கை அணைத்தார். "என் முழங்காலைத்தான் காரணம் சொல்லுவாரு, சிரிச்சிடாதீங்கன்னும் சொன்னாங்க."

இவ்விதமாக, நாற்பத்திரண்டு ஆண்டுத் தனிப்பாட்டு உரிமை சம்பந்தமான இவ்விவகாரம் செப்டம்பர் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்திற்கு முடிவுக்கு வந்தது. அவர் வந்து விட்டுக்கொடுப்பார் என்று பல் வைத்தியரிடம் டீச்சர் குறித்துக் கொடுத்திருந்தது புதன்கிழமை. ஒரு நாள் தாமதம் அளவுகோலாருடையது.