திரைக்குப் பின்னால் ஓர் இடது முழங்கால்

ஊரே திரை ஐயாவின் வாசலில் நின்றது. நோயாளி திரைக்கு அந்தப் பக்கம், ஐயா இந்தப் பக்கம். முகத்தைக்கூடப் பார்க்காமல், உடம்புக்குள் புகுந்த எதிரியைக் கண்டுபிடித்து விரட்டுவாராம். நேரில் பார்த்தால் அவருடைய சக்தி நோயாளியைச் சுட்டுவிடுமாம். என்ன கருணை!

வரிசையில் நிற்பவர்களுக்கு ஐயாவின் மனைவி தண்ணீர் கொடுப்பார். "எங்கேம்மா வலிக்குது?" என்று அன்பாக விசாரிப்பார். பிறகு உள்ளே போவார். அதைப் போய் யார் கவனிப்பார்கள்?

தையல்காரியும் கவனிக்கவில்லை. விரல் கணுக்கள் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் தவித்தவள் அவள். "கைக்குள்ள எதிரி உக்காந்திருக்கான். மாத்திரைதான் அவனுக்குத் தீனி" என்றார் ஐயா. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினாள். இப்போது கத்தரிக்கோலையும் பிடிக்க முடியவில்லை. பிழைப்பே போய்விடும் போலிருந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் இதைக் கேள்விப்பட்டு ஓடி வந்தாள்.

"அண்ணி, உள்ள எதிரியே இல்ல. அடிக்கிறது உங்க காவல்காரங்கதான்."

"என் உடம்பு என்னையே அடிக்குமா? போடி!"

"அந்தக் காவல்காரங்களுக்கு டி செல்லுன்னு பேரு. நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சுரப்பி இருக்கு, அதுதான் அவங்க பள்ளிக்கூடம். நம்ம உடம்போட துண்டுகளைக் காட்டிப் பரீட்சை வைக்கும். நம்மாளுன்னு தெரியாம பாயிறவங்கள்ல பெரும்பாலானவங்க அங்கேயே காலி. தப்பிச்சு வர்றவங்களை அடக்க வெளியிலயும் ஆளுங்க உண்டு. உங்களுக்கு அந்தப் பிடி தளர்ந்துபோச்சு. அந்த ஆட்டத்தை அடக்கத்தான் மாத்திரை."

"ஐயா பார்க்காமலே என் விரலைச் சொன்னாரேடி!"

"அப்போ உங்க கடைப் பொம்மையைக் கூட்டிட்டுப் போவோம்."

"போவோம். ஒரு நொடியில கண்டுபிடிப்பாரு. உன் மானம்தான் போகும்."

மறுநாள் சக்கர நாற்காலியில், தலையணையைத் தலையாக வைத்து, போர்வை போர்த்திய 'சித்தி' வந்தாள். தண்ணீரோடு ஐயாவின் மனைவியும் வந்தார். "பாவம், பேச்சே வராது. இடது முழங்கால்ல உயிர் போற வலி" என்று நாத்தனார் கண்ணைக் கசக்கினாள்.

திரைக்கு இந்தப் பக்கம் ஐயா நடுங்கினார். "ஆகா! இடது முழங்கால்ல உக்காந்துகிட்டு என்னமா முறைக்கிறான்!"

தையல்காரியின் முகம் சிவந்தது. அவளே திரையை இழுத்தாள், போர்வையையும் உருவினாள். சட்டை தைத்து மாட்டிப் பார்க்கும் பொம்மை. தலையில்லை, கையில்லை, இடுப்புக்குக் கீழே ஒரு மரக்கட்டை.

ஐயா விழித்தார். "எதிரி... காலையே தின்னுட்டான்!"

"வாங்க அண்ணி, டாக்டரைப் பார்க்கலாம்" என்றாள் நாத்தனார். தையல்காரி வெட்கத்தோடு நடந்தாள். கூட்டம் சிரித்தது, ஆனால் பாதிப் பேர் இன்னும் வரிசையை விடவில்லை.

மூளையே இல்லாத செல் பரீட்சையில் தேறித்தான் வேலைக்கு வருகிறது. மூளையுள்ள நாமோ ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஓர் ஆளை நம் உடம்புக்கே அதிகாரியாக்கிவிடுகிறோம்.