நாகலூருக்குப் போகாத நாற்பத்திரண்டு பேர்

கொட்டச்சேட்டிலிருந்து நாகலூர் எஸ்டேட்டுக்குக் காப்பிப்பழம் பறிக்க அந்த வாரம் ஒருவரும் போகவில்லை. ஆனால் நாகலூரில், கொட்டச்சேட்டு ஆட்கள் நாற்பத்திரண்டு பேர் வந்து பறித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டு ஊரிலும் கேட்டு எழுதி வந்தவர் நல்லமுத்து. ஏற்காட்டு வாடகை அறையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, இந்த நாற்பத்திரண்டு பேரும் எங்கிருந்துதான் கிளம்பினார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலையே அதுதான். ஓர் ஊரில் நடப்பது பக்கத்து ஊரை எவ்வளவு தொடுகிறது என்று கணக்குப் போட்டு அளப்பது. நாகலூரில் பழம் ஒரே சமயத்தில் பழுத்தால் கொட்டச்சேட்டில் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போகுமா? அதற்கென்று கட்டம் போட்ட அட்டவணை உண்டு. தொடர்புள்ள ஊர் என்றால் கட்டத்தில் ஒன்று. இல்லையென்றால் பூஜ்யம்.

மாதக் கடைசிக்குள் முடிவு வந்தாக வேண்டும் என்று சேலத்திலிருந்து பேராசிரியர் சந்திரசேகர் சொல்லிவிட்டார். வராவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். நாற்பத்தெட்டு வயதில் நல்லமுத்து வேறு வேலை தேட வேண்டும்.

மனிதர் தனி ஆள். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றேவிட்டது. அம்மா போய் இரண்டு வருடம். ஞாயிறு முதல் வெள்ளி வரை அவர் வாய்விட்டுப் பேசுவது, மெஸ்ஸில் 'ரெண்டு இட்லி' என்பது மட்டும்தான். அந்த அட்டவணையில் மனிதர்களுக்கும் இடம் இருந்தால் அவர் வரிசை முழுக்கப் பூஜ்யமாக இருந்திருக்கும், பாவம்.

அடுத்த சனிக்கிழமை சரிபார்க்கக் கிளம்பினார். முதலில் நாகலூர். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் சென்றாயன் டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளின் படிப்பையெல்லாம் பேசி முடித்து, கடைசியில் நோட்டைப் புரட்டினார்.

"கொட்டச்சேட்டு ஆளுங்களா? ஒருத்தரும் வரலீங்களே."

"போன வாரம் நாற்பத்திரண்டுன்னு சொன்னீங்க?"

"அது குப்பனூர் ஆளுங்களா இருக்குமுங்க. மூஞ்சி எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது."

அங்கேயும் பூஜ்யம், இங்கேயும் பூஜ்யம். நல்லமுத்துவுக்கு உயிர் வந்தது. மதியப் பஸ்ஸில் கொட்டச்சேட்டுக்குப் போனார். பறிக்கிற பெண்களுக்கு அங்கே பாவாயிதான் தலைவி. போன வாரம் எழுதி முடித்ததும், ஊட்டுல யாரு சமைக்கறாங்க என்று அவள் கேட்டாள். யாருமில்லீங்க என்று இவர் சொல்லியிருந்தார். இந்த முறை நோட்டைத் திறப்பதற்குள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் முன்னால் வந்துவிட்டன.

"நொம்ப யோசிச்சுப் பாத்தேன் சாமி. நாகலூருக்குப் போனோம். ஒரு லாரி நெறையப் போனோம்."

நல்லமுத்து சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சோத்தத் தின்னுட்டு எழுதுங்க. பேனா எங்கயும் ஓடிப் போயிராது."

குப்பனூருக்கும் இறங்கிப் போய்க் கேட்டார். பொங்கலுக்கு அப்புறம் நாங்கள் மலையே ஏறவில்லை என்றார்கள். இப்போது ஒரு லாரி ஆட்கள் கொட்டச்சேட்டில் ஏறி, எங்கேயும் இறங்காமல் இருந்தார்கள்.

வாய்ச்சொல்லை நம்பியதுதான் தப்பு என்று முடிவு செய்து, மூன்றாம் சனிக்கிழமை கையெழுத்து வாங்கினார். முப்பத்தாறு என்று பாவாயி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது என்று சென்றாயன் முத்திரையே குத்திக் கொடுத்தார். அதுவரை தப்பு மட்டும் இருந்தது. இப்போது தப்புக்கு ஆதாரமும் சேர்ந்துகொண்டது.

நாலாம் வாரமும் அதே கதைதான். ஓர் ஊரில் ஏறினால் இன்னோர் ஊரில் இறங்கியது. சோறு மட்டும் குறையவில்லை. ஒரு வாரம் பாவாயி, மறு வாரம் சென்றாயனின் மனைவி. எண்கள் உதைக்கிற ஒவ்வொரு முறையும் தன் மனசின் ஒரு மூலையில் மெல்லிய நிம்மதி வருவதை நல்லமுத்து கவனித்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஆள் வேண்டுமே.

கடைசியில் எல்லா எண்களையும் லேப்டாப்பில் போட்டு ஓட்டிப் பார்த்தார். பக்கத்து ஊரின் தாக்கம்: பூஜ்யம்.

போனில் பேராசிரியர் முடிவைக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நல்லமுத்து, அந்த ரெண்டு ஊர்க்காரங்களும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதே இல்லைன்னு உங்க கணக்கு சொல்லுது. அதையே எழுதிக் குடுத்துட்டு, அறையைக் காலி பண்ணிட்டு வந்துடுங்க."

அதையே எழுதினார். பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள். எழுதும்போது அந்த ஊர்கள் தன் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தன அவருக்கு.

சனிக்கிழமை காலை, துணிப்பையும் லேப்டாப்புமாகப் பஸ் ஏறினார். ஊர்களில் சொல்லிக்கொண்டு, அப்படியே குப்பனூர் வழியாகச் சேலம் இறங்கிவிடலாம் என்று நினைப்பு. காலையில் நாகலூருக்கும் மதியம் கொட்டச்சேட்டுக்கும் போகிற அதே பஸ்தான். கண்டக்டர் சக்திவேல் பையைப் பார்த்துவிட்டு, டிக்கெட் கிழிக்காமல் நின்றான்.

"ஏனுங்க சார், மூட்டை முடிச்சோட?"

கணக்கு முடிந்துவிட்டது என்றார் நல்லமுத்து. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு தொடர்பும் கிடையாது என்று எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், இனிமேல் இந்தப் பக்கம் வேலை இல்லை.

சக்திவேல் டிரைவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

"மொத வாரம் பாவாயக்கா நெசமாவே மறந்துட்டாங்க சார். அதுக்கப்பறம், கணக்கு ஒத்துப்போச்சுன்னா நீங்க சோத்துக்கு வராம போயிருவீங்கன்னு, இவங்க என்ன சொல்லோணும் அவங்க என்ன சொல்லோணும்னு வாராவாரம் ரெண்டூருக்கும் சேதி கொண்டுபோனதே நாந்தானுங்க."