நாற்பது சேனலும் ஒரு வெள்ளிக்கிழமையும்

இனிமேல் என் வெள்ளிக்கிழமை எனக்குத்தான் சொந்தம். 2003 டிசம்பர் முதல் வாரம், வளைகுடா நாட்டில், குதைபியாவில் எங்கள் இரண்டாம் மாடி ஃபிளாட்டின் குளியலறையில், கண்ணாடியைப் பார்த்து இப்படி ஒரு வீர முடிவை எடுத்தேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

என் மனைவி சுகிர்தராணி நர்ஸ். ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்கு ஊசி போடுகிறாள். வீட்டில் எனக்கு மட்டும். டிசம்பர் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் கேரல் ரவுண்ட். இருபது பேர், ஒரு கித்தார், ஒரு டிரம், வீடு வீடாகப் பாட்டு, வீடு வீடாகக் கேக். நானோ வாரத்தில் கிடைக்கிற அந்த ஒரு நாளில் சித்ரா தீவுக்குப் போகிற கடல் பாலத்துக்குக் கீழே தூண்டிலோடு உட்கார ஆசைப்படுகிற முட்டத்துக்காரன். தூண்டில் கூட்டாளி செய்கு அலாவுதீன், காயல்பட்டினத்துக்காரர். ஈசா டவுனில் பழைய எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கிறார்.

திட்டம் போட மொபைல் உதவாது. யாரோடு பேசினேன், எத்தனை நிமிஷம் என்று ராணி தினமும் பார்த்துவிடுவாள். பாய்தான் வழி சொன்னார். கடைக்கு வந்த சாமானில் இரண்டு சி.பி. ரேடியோ இருந்தது. லாரி டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பெட்டி. ஒன்று அவருக்கு, மொட்டைமாடியில் உயரமான ஏரியலோடு. இன்னொன்று எனக்கு. என் ஏரியலைப் பால்கனியில் துணிக்கொடிக் கம்பியோடு கம்பியாகக் கட்டினேன். பெட்டி வாஷிங் மெஷினுக்குப் பின்னால்.

தினமும் மாலை ஏழு மணிக்கு ராணி மேல்மாடி ஜோஸ்மி வீட்டுக்குக் கேரல் பிராக்டிஸுக்குப் போவாள். ஏழு அஞ்சுக்கு நான் மைக்கைப் பிடிப்பேன்.

"பாய், வெள்ளிக்கிழமை சைட்ல டூட்டின்னு சொல்லியாச்சு. அப்படியே நம்பிட்டா."

"நல்லா நம்பினாளா ஓய்?"

"எம் பொண்டாட்டிய ஏமாத்துறது ரொம்ப லேசு பாய்." ஹோ ஹோவென்று சிரித்தேன்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது ராணி மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஜோஸ்மி வீட்டு ஆம்ப்ளிஃபயர்ல ஒரு ஆம்பளக் குரல் வருது, கேட்டியளா?"

எனக்குத் தொண்டையில் முள் சிக்கியது. குழம்பில் இருந்தது முள்ளில்லாத துண்டு.

"என்ன... என்ன சொல்லுது?"

"பேசுது. எதிரொலியோட. ஜோஸ்மி பயந்துட்டா. நம்ம பில்டிங் கீழ, உச்சியில கம்பி வச்ச வேன் ஒண்ணும் நின்னுது, பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான். லைசென்ஸ் மாஃபி, கிடையவே கிடையாது. வேனில் வந்தவன் அலைவரிசையை மோப்பம் பிடிக்கிறான். நாளைக்குக் கதவைத் தட்டுவான். என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் கூப்பிடுவார். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை. கலாஸ், கதை முடிந்தது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றால் வெள்ளிக்கிழமையும் கூடவே போய்விடும்.

மறுநாள் ராணி காலை டூட்டிக்குப் போனதும், வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நான் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். பெட்டியைப் பார்த்ததும் வலி நிஜமாகவே வந்துவிட்டது. மூடியின் திருகுகள் எல்லாம் தலை சிதைந்து கிடந்தன. உள்ளே வயர்களைப் பற்றவைத்த பழைய ஈயச் சால்டர் எல்லாம் மங்கல். நான்கு இடத்தில் மட்டும் பளபளப்பு. யாரோ கை வைத்திருக்கிறான். பாய்க்கு போன் போட்டேன்.

"பாய், செட்டுல ஆபரேஷன் பண்ணிருக்கானுவ! பின்னால ஓட்ட போட்டு ஒரு ஸ்விட்ச். தட்டினா நாப்பது சேனல் எண்பது ஆகுது!"

"லாபம்தானே ஓய்?"

"மிச்ச நாப்பது யாரோடதோ! போலீசோ, ஏர்போர்ட்டோ!"

"அப்ப தட்டாதேயும்."

இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் நான் கப்பலேறியிருந்தேன். ஸ்விட்சைக் கழற்றி, அதற்குப் போன வயர்களை எடுத்தேன். எதிரொலிக்கென்று ஒரு குட்டி போர்டை ஒட்டியிருந்தார்கள், அதையும் பிடுங்கினேன். பாயைக் கூப்பிட்ட பதிவை மொபைலிலிருந்து அழித்தேன். ராணி வந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன கருகுத வாசம்?"

"சட்டைக்கு அயன் பண்ணினேன்."

அதை நிரூபிக்க ஏழு சட்டைக்கு அயன் பண்ணினேன். அதில் நான்கு அவளுடைய யூனிஃபார்ம்.

அன்று மாலை பாயோடு பேசிவிட்டுக் காத்திருந்தேன். ராணி மேலிருந்து இறங்கி வந்தாள்.

"இன்னைக்கு எதிரொலி இல்ல. வார்த்த வார்த்தயா தெளிவா கேட்டுது."

எனக்கு வேர்த்தது. ஏசியைப் பதினெட்டில் வைத்தும் வேர்த்தது.

அடுத்த நாளும் வயிற்றுவலி. குரலை அளவோடு நிறுத்தி வைக்கும் ஒரு பாகத்தின் காலை வெட்டி விட்டிருந்தான் அந்தப் பாவி. வெட்டின காலைத் தேடிப் பிடித்துச் சால்டர் வைத்தேன். மாலையில் ராணி, "குரல் கொஞ்சம் அடங்கியிருக்கு" என்றாள். லீவின் மூன்றாம் நாள், பவரைக் கூட்டும் சின்னத் திருகைக் கண்டுபிடித்தேன். கம்பெனிக்காரன் வைத்த சிவப்புப் பெயிண்ட் கோடு ஒரு பக்கம், திருகு எதிர்ப்பக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குக் கோடு சேர்த்தேன். இப்போது பெட்டி பிறந்தபோது இருந்தது போலப் பச்சைக் குழந்தை. எந்த வேன் வந்தாலும் நிமிர்ந்து நிற்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை ஏழு அஞ்சு.

"பாய், காலைல அஞ்சு மணிக்குப் பாலத்துக்கிட்ட. சரியா?"

"ஓய், இருக்கீரா?" பெட்டியில் பாய் கத்தினார்.

"இருக்கேன் பாய்!"

"ஓய், பேசுமேன்! சத்தத்தையே காணோம்!"

புரிந்தது. அவர் ஏரியல் பெரிசு, அவர் குரல் வருகிறது. குதைபியாவிலிருந்து ஈசா டவுன் வரை என் குரலைக் கொண்டுபோனது நான் கழற்றின அந்தத் திருட்டு வேலைகள்தான். இனி நான் கேட்கலாம். பேசினால் யாருக்கும் கேட்காது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆனவனுக்கு இது புதுசில்லை.

அப்போது பால்கனிக் கதவு திறந்தது. ராணி. பிராக்டிஸ் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். என் கையில் மைக். பெட்டியில் பாய், "ஓய், பொண்டாட்டி புடிச்சிட்டாளா?" என்றார்.

ராணி குனிந்து பெட்டியை அணைத்தாள்.

"எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டியளா?"

"உனக்கு... உனக்கு எப்பத் தெரியும்?"

"முத நாளே. இருபது பேரும் சேந்துதான் கேட்டோம்."

"அப்ப வேன்? கம்பி வச்ச வேன்?"

"ஜோஸ்மி வீட்டுக்கு டிஷ் மாட்ட வந்தவன் வேன்ல கம்பி இல்லாம கரும்பா இருக்கும்?"

"அத அன்னைக்கே சொல்லப்படாதா?"

"நீங்க கேக்கலியே. நானா எடுத்து வீசினா வேற பெட்டி கொண்டு வருவிய. இப்ப நீங்களே கழத்திட்டிய."

நான் தலையைக் குனிந்தேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ராணி என் தோளில் கையை வைத்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"எம் பொண்டாட்டிய ஏமாத்துறது லேசுன்னு ஹோ ஹோன்னு சிரிச்சியல்லா, அந்தச் சிரிப்பு கேரல் குரூப்புக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, நாளைக்குக் கிறிஸ்மஸ் தாத்தா நீங்கதான், வயித்துக்குத் தலவாணி எடுத்து வச்சிருக்கேன்."