மலேசியாக்காரன் அண்ணனா, மாப்பிள்ளையா?

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான அக்கா அமிர்தவள்ளிக்கு உன் தம்பி தேவசகாயம் எழுதுவது. இங்கே நானும் மகள் ஜாஸ்மினும் அவர் தயவால் சுகம். நாட்றம்பள்ளியில் நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போன் போட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

நடந்ததற்கெல்லாம் காரணம் நான்தான், ஆனால் முழுக்க நான் இல்லை. ஜாஸ்மின் வேலை செய்கிற ஷூ கம்பெனிக்கு மெஷின் மாட்ட மலேசியாவிலிருந்து வசந்த் வந்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தா சின்னப் பிள்ளையாக ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஓடிப்போய்க் கப்பல் ஏறியவராம், பெயர்கூடத் தெரியாதாம், தோட்டத்தில் எல்லாரும் 'ஆம்பூரான்' என்றே கூப்பிட்டார்களாம். அவர் வீட்டாரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று அவன் கேட்க, ஜாஸ்மின் அவனை என்னிடம் கூட்டி வந்தாள். ரிட்டயராகி ஈ ஓட்டிக்கொண்டிருப்பவனிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் சும்மா இருப்பேனா? நம் தாத்தாவின் தம்பி மோசேயும் சின்ன வயசில் அதே மாதிரி ஓடிப்போனவர்தானே, மலேயாவில் ராஜா மாதிரி இருப்பார் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாரே, அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது என்று பையனைக் கட்டிப்பிடித்து அழுதேன். தாத்தாவின் மூக்கு அப்படியே இருக்கிறது என்றேன். தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் நிறுத்தி, "இவன் என் தம்பி மகன், எனக்கும் மகன்" என்றேன். போதகர் ஸ்தோத்திர ஜெபம் பண்ணினார். வீட்டில் ஒரு அண்டா பிரியாணி. நீயும் வந்து கத்திரிக்காயை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாய்.

எல்லாரும் போன பிறகு ஜாஸ்மின் அண்டாவைத் தேய்க்கிற சத்தமே சரியில்லை. என்னம்மா என்றேன்.

"யப்பா, இன்னா காரியம் பண்ணி வெச்ச? நான் கட்டிக்கப் போற ஆளை எனக்கு அண்ணனாக்கிட்டியே!"

"நீ சொல்லவே இல்லியேம்மா?"

"மாப்ளைய காட்டத்தான் கூட்டினு வந்தேன். நீ எங்க பேச வுட்ட?"

அதற்கப்புறம் நீ ஆடிய ஆட்டம் உனக்கே தெரியும். பங்காளி வீட்டுப் பையனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்களே, அன்றைக்கு எழுந்து நின்று ஆட்சேபணை சொல்வேன் என்றாய். உன் வாயைப் பற்றி எனக்குத் தெரியும், எழுந்தால் உட்கார மாட்டாய். ஆனால் அக்கா, அவள் அம்மா போனதிலிருந்து இந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. இந்தப் பையன் வந்த பிறகுதான் சிரிக்கிறாள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே, கண்டுபிடித்த மோசே தாத்தாவை மறுபடி தொலைக்கப் புறப்பட்டேன். இது கண்டுபிடிப்பதைவிடப் பேஜார் பிடித்த வேலை. பைபாஸ் பக்கம் ஒரு பெரியவர் அவர் பர்மாவுக்குப் போனார் என்றார். இன்னொருவர் புலி அடித்துவிட்டது என்றார். மூன்றாமவர் நான் வாங்கிக் கொடுத்த பிரியாணியை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, தான் இந்த ஊருக்கே வந்து பத்து வருஷம்தான் ஆகிறது என்றார். கடைசியில் முக்தார் அகமது பாயிடம் போனேன். மோசே தாத்தா வேலை செய்த தோல் ஷாப்பே அவருடைய அப்பாவுடையதுதான். விஷயத்தைச் சொன்னதும் பல்செட் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"அரே, ஓடினது ஒருத்தன் இல்லப்பா, ரெண்டு பேரு. தோஸ்துங்க. உங்க மோசே, இன்னொருத்தன் ஆபிரகாம்னு மிஷன் ஹாஸ்டல் பையன், தாய் தகப்பன் கெடையாது. கப்பலுக்குப் போறோம்னு டேசனுக்குப் போனானுங்க. ஆபிரகாம் மெட்ராஸ் வண்டில ஏறிட்டான். உங்காளு எதிர்ல நின்ன ஜோலார்பேட்டை வண்டில ஏறி, ஜன்னலோரம் உக்காந்துனு டாட்டா காட்டினு போய்ட்டான். ஆபிரகாம் கப்பல் ஏறினத எங்க மெட்ராஸ் தோல் மண்டி ஆளு கண்ணால பாத்தான். அப்பாஜான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

நம் வம்சத்தின் கடல் கடந்த வீரர் வாணியம்பாடியைத்தான் கடந்திருக்கிறார்! அப்பா இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். வசந்த் நமக்குப் பங்காளி இல்லை, ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜாஸ்மின் குதித்தாள். பையன் மட்டும் முகம் வாடி, "அப்போ எனக்கு இங்க சொந்தம்னு யாருமே இல்லையா, அங்கிள்?" என்றான். அவன் தோளில் கை போட்டு, "அங்கிள் இன்னாடா அங்கிள், மாமான்னு கூப்புடு" என்றேன்.

அக்கா, முறை தவறாத குடும்பம் நம் குடும்பம். அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை. வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசிக்கிறார்கள். மாமாவோடு வந்து முன் வரிசையில் உட்கார், எழுந்திருக்காதே. உங்கள் வீட்டில் சமாதானமும் உன் முழங்காலுக்குச் சுகமும் ஆண்டவர் அருளட்டும்.

உன் அன்புத் தம்பி,
தேவசகாயம்

பி.கு.: கவரை ஒட்டிய பிறகு முக்தார் பாய் போன் செய்ததால் மறுபடி பிரித்தேன். "தேவா, ஒன்னு சொல்ல மறந்துட்டேன். உங்க மோசே ஜோலார்பேட்டைல எறங்கி நாட்றம்பள்ளிக்குப் போய்ட்டான். அப்பாஜான் ஆளுங்க புடிச்சிருவாங்கன்னு பயந்து பேர யோசேப்புன்னு மாத்திக்கினு, அப்புறமா மாவு மில்லு வெச்சான்" என்கிறார். மாவு மில் யோசேப்பு யாரென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமாவுடைய அப்பாவைப் பெற்றவர். அவர் நம் தாத்தாவின் தம்பி என்றால், மாமா உனக்கும் எனக்கும் அண்ணன். வசந்துக்கு நீ சொன்ன பங்காளி முறை உங்கள் வீட்டில்தான் மூன்று பிள்ளை பெற்றிருக்கிறது. போதகரிடம் நான் மூச்சு விடவில்லை, நீயும் ஞாயிற்றுக்கிழமை விடாதே. மாமாவிடமும் சொல்ல வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் உனக்குப் புருஷனாக இருந்து பழகிவிட்ட மனுஷன், இந்த வயசில் அண்ணனாகு என்றால் எங்கே போவார்?