கலிங்கு ஓடையில் பத்துப் பைகள்

கந்தர்வக்கோட்டை,
தை 12.

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு,

சித்தப்பா சிவசாமி மனமார்ந்த ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் சித்தியும் சுகம். நீ கலிங்கு ஓடையில் போட்டுவிட்டுப் போன பத்துப் பைகளும் சுகம். போனில் சொன்னால் முதல் வரியிலேயே அலறிவிடுவாய், அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

இன்று காலை நூறு நாள் வேலைக்காரர்கள் ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பாதிச் சவரத்தோடு சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்தால், முந்திரி இலை அடைத்த உன் வலைப்பைகள் பத்தும் கரையில் கிடக்கின்றன, குழுத் தலைவி மூக்காயி வேப்பிலைக் கொத்தும் கையுமாக ஒரு பையை அவிழ்க்கப் போகிறாள். "எலை பூராம் பூச்சி புடிச்சுப் போச்சு சார். பொறுக்கிப் போட்டுட்டு வேப்பெலை வச்சுத் தாரோம், பயறுக்கு வைக்கிற மாதிரி" என்றாள். இப்போது கிடக்கும் தண்ணீர் வற்றினால் அடுத்த மழைவரை மறுபடி பை போட முடியாது, அதற்குள் உன் ஆராய்ச்சிக் கெடுவும் முடிந்துவிடும் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்து, பையிலிருந்து கையை எடு என்று கத்தியேவிட்டேன். நல்லவேளை, ஒரு முடிச்சுக்கூட அவிழவில்லை, பைகள் ஈரமும் காயவில்லை.

அப்புறம் உட்கார வைத்து விளக்கினேன். ஐந்து பையில் ஒரே வகைப் புழு, ஐந்தில் பல வகை, எதில் இலை சீக்கிரம் மக்குகிறது என்று ஒப்பிடுவதுதான் உன் படிப்பு என்றேன். கல்யாணச் சமையலில் எல்லோரும் காய் நறுக்கவே உட்கார்ந்தால் சோறு வடிப்பது யார், அதுபோல ஒரு புழு இலையைக் கிழிக்கும், ஒன்று சுரண்டும், ஒன்று உதிர்ந்த தூளைத் தின்னும், பல வகை சேர்ந்தால்தான் வேலை ஓடும் போலிருக்கிறது என்றேன். "அதுசரி, நாங்க முப்பது பேரும் மம்பட்டியோட நின்னா சட்டி தூக்குறது யாரு?" என்றாளே பார்க்கலாம்! முப்பத்தாறு வருஷ வாத்தியார் வேலையில் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. "பையெல்லாம் நாங்களே தண்ணியில போட்டுர்றோம். நீங்க போயி மிச்சத் தாடிய வழிங்க" என்று அனுப்பிவைத்தாள். பெரிய நிம்மதி, மகளே.

நேரத்துக்குச் சாப்பிடு. முனைவர் பட்டத்தோடு வந்து நில்.

அன்புடன்,
சித்தப்பா

பி.கு.: சாயங்காலம் மூக்காயி வீட்டுக்கு வந்தாள். "அஞ்சு பையில ஒரே மாதிரிப் புழுவா கெடந்துச்சு சார், பாவம். ஓடையில வகைக்கு நாலாப் புடிச்சு அதுலயும் போட்டுட்டோம். பாப்பா கட்டாயம் பாசாயிரும்" என்றாள். நான் நன்றி சொல்லிக் காபியும் கொடுத்தனுப்பினேன். டம்ளரைக் கழுவும்போதுதான் விளங்கியது. மேலே எழுதியதில், நானும் சித்தியும் சுகம் என்பது மட்டும் இப்போதைக்கு உண்மை.